பழைய அம்பாசடர் எஞ்சினின் மேல்பாதியைப் பழுதுபார்த்தல்: பதின்பருவ மகனோடு செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

செங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஆறு ஆண்டுகள் ஓடாமல் நின்ற 1985-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4 காரை, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த என் மகனும் நானும் சென்ற கோடை விடுமுறையில் பழுதுபார்த்தோம். புளியங்குடி எலுமிச்சையைப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் அனுப்பும் வியாபாரம் செய்த என் தந்தை, வாரம் இருமுறையாவது ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஓட்டிச் சென்ற வண்டி அது. நாங்கள் செய்த வேலையை, செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். இதில் வரும் அளவுகள் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ள அம்பாசடருக்குரியவை. பிரீமியர் பத்மினி போன்ற வேறு வண்டி வைத்திருப்பவர்கள் செய்முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அளவுகளைத் தங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலை முழுவதற்கும் நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். அளந்த பிறகே அவிழ்க்க வேண்டும். அந்த அளவை மகனே எடுத்து, மகனே எழுதி, அதன்மேல் முதல் கருத்தையும் மகனே சொல்ல வேண்டும். கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுப்பதே வேலை என்று ஆகிவிட்டால், எந்தப் பிள்ளையும் மூன்றாம் நாள் கொட்டகைப் பக்கம் வரமாட்டான். தான் எடுத்த எண் கையில் இருக்கும் பிள்ளை, தந்தையோடு வாதம் செய்வான்; அந்த வாதம் நடக்கும்போதுதான் எஞ்சின் அவனுக்குப் புரியத் தொடங்குகிறது. ஆகவே ஸ்பானர் பெட்டிக்கு முன்பாக வாங்க வேண்டியது இருநூறு பக்க நோட்டு ஒன்று.

எதுவரை இறங்குவது

வீட்டில் செய்யத் தக்கது எஞ்சினின் மேல்பாதி வேலை மட்டுமே என்பது என் தீர்மானமான கருத்து. சிலிண்டர்கள் உள்ள பிளாக்கின் மேல்மூடியான ஹெட்டை எடுப்பது, கரியை நீக்குவது, வால்வுகளைக் கிரைண்டிங் செய்வது (அவை அமரும் இடத்தோடு கசிவின்றிப் பொருந்தத் தேய்ப்பது), ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே புதிய பேக்கிங் தகடு வைத்து மூட்டுவது, டேப்பட் வைப்பது (வால்வுகளுக்கு மேலுள்ள இடைவெளியைச் சரிசெய்வது) ஆகியவை அதில் அடங்கும். கிராங்க் ஷாஃப்ட், பேரிங், பிஸ்டன் என்று கீழே இறங்கினால் மைக்ரோமீட்டரும் லேத்தும் தேவைப்படும். எஞ்சினை வெளியே தூக்க வேண்டியும் வரும். முதல் முறையாகச் செய்யும் தந்தையும் மகனும் அங்கே போனால், வண்டி பிரித்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது. இதன் எஞ்சின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்தது. ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்பு. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் தண்டு பிளாக்கின் உள்ளே இருக்க, அது மேலே தள்ளும் புஷ் ராடு கம்பிகளும், அவை அசைக்கும் ராக்கர் நெம்புகோல்களும் வால்வுகளைத் திறக்கின்றன. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்க்க முடிகிற எஞ்சின் இது என்பதால் கற்பதற்கு இதைவிட நல்லது கிடைப்பது அரிது. முதல் நாள் நான் மகனுக்குக் கொடுத்த வேலை ஒரு கணக்கு. சிலிண்டரின் விட்டம் 73.025 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மி.மீ., சிலிண்டர்கள் நான்கு; இவற்றிலிருந்து கன அளவைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். நோட்டின் முதல் பக்கத்தில் 1489.3 என்று விடை வந்தது. வண்டியின் பதிவுச் சான்றிதழில் அச்சிட்டிருக்கும் 1489 எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு அன்று தெரிந்தது.

இடம், காலம், கருவிகள்

எங்கள் பகுதியில் இந்த வேலையை ஏப்ரல், மே மாதங்களுக்குள் முடித்துவிட வேண்டும். ஜூனில் குற்றாலச் சாரல் தொடங்கிவிட்டால் காற்றிலேயே ஈரம் நிற்கும். துடைத்து வைத்த சிலிண்டர் சுவரில் ஒரே இரவில் செந்துரு படரும். கேரள எல்லை நெடுகிலும், மேற்குத் தொடர்ச்சி மலையடியில் இருக்கும் எந்த ஊருக்கும் இது பொருந்தும். எப்போது திறந்தாலும், அன்றைய வேலை முடிந்ததும் சிலிண்டர்களின் உட்சுவரில் எஞ்சின் ஆயிலைத் தடவி, சுத்தமான துணியால் மூடி வைக்க வேண்டும்.

அம்பாசடரின் நட்டுகள் அங்குல அளவில் ஆனவை. இன்று கடைகளில் எளிதில் கிடைப்பவை மில்லிமீட்டர் ஸ்பானர்கள். 13 மி.மீ. ஸ்பானர் அரை அங்குல நட்டில் ஏறிவிடும். ஆனால் அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. மட்டுமே. அந்த 0.3 மி.மீ. இடைவெளி, இறுகிப்போன நட்டின் மூலைகளை ஒரே இழுப்பில் மழுக்கிவிடும். ஆகவே அங்குல ரிங் ஸ்பானர் செட் ஒன்று கட்டாயம் வேண்டும். அதனுடன் முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ், வால்வு ஸ்பிரிங் அமுக்கும் கருவி, வால்வு கிரைண்டிங் குச்சி, சொரசொரப்பும் மென்மையுமான இருவகைக் கிரைண்டிங் பேஸ்ட் ஆகியவை தேவை. டார்க் ரெஞ்சை இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பழக்கத்தில் முறுக்குவது இந்த எஞ்சினுக்கு என்ன செய்யும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றி மகனிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட வேண்டும். பேட்டரியில் பாடியோடு சேரும் எர்த் வயரைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதுவே கடைசி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது. பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் எரியும் விளக்கோ வெல்டிங்கோ கூடாது; ஒரு வாளி மணல் அருகில் இருக்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டக் கூடாது, ஏனெனில் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அதை நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ் போட்டுத் தூசி கிளப்பக் கூடாது. ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருக்கையில் எஞ்சின் பின்னுதைத்தால் விரலெலும்பு முறியும். எங்கள் வேலையில் நான் வகுத்த விதி இன்னும் கடுமையானது: ஸ்பார்க் பிளக்குகள் நான்கும் வெளியே இருக்கும்போது மட்டுமே மகன் ஹேண்டிலைத் தொடலாம்.

எஞ்சினைச் சுற்றுவதற்கு முன்

ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினில் பேட்டரியை வைத்து உடனே செல்ஃப் அடிப்பது (ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுற்றுவது) பெரிய தவறு. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் துருவோடு ஒட்டியிருக்கலாம். பலமாகச் சுற்றினால் ரிங் உடைந்து சுவரைக் கீறிவிடும். பிளக்குகளைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிட்டு அவற்றைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி, ஓர் இரவு ஊற விட வேண்டும். மறுநாள் கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் எஞ்சின் முதல் நாள் அசையவில்லை. மீண்டும் ஆயில் ஊற்றி இரண்டு நாள் காத்திருந்த பிறகு, தயிர்ப்பானை மூடி விடுபடுவதுபோல் ஒரு சிறு சத்தத்தோடு இளகியது. அதன் பிறகு பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிய ஆயிலும் ஃபில்டரும் போட வேண்டும். ஆயில் அளவுக்கு டிப்ஸ்டிக்கின் மேல்கோடே ஆதாரம்.

பெட்ரோல் டேங்கில் மிச்சம் இருப்பது பெட்ரோலாக இருக்காது. வார்னிஷ் வாடை வீசினால் முழுவதையும் வடித்து, டேங்கை அலசிவிட வேண்டும்.

கம்ப்ரெஷன் அளத்தல்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அவசரம் வேண்டாம். நல்ல பேட்டரி வைத்து, நான்கு பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் வயரைப் பிரித்துவிட்டு, ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க, மற்றவர் கேஜைப் பிளக் துளையில் அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். முள் ஏறுவது நிற்கும்வரை, ஏறத்தாழ ஐந்தாறு சுற்று போதும். ஃபேன் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். எங்கள் நோட்டில் பதிவான எண்கள், சதுர அங்குலத்துக்குப் பவுண்டு கணக்கில், வரிசையாக 118, 72, 75, 116.

நான்கும் ஒரே அளவில் இருந்து, பொதுவாகக் கொஞ்சம் குறைந்திருந்தால் அது வயதின் தேய்மானம், வண்டி ஓடும். ஒன்றுக்கொன்று 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் காரணத்தைத் தேட வேண்டும். அதற்கான அடுத்த சோதனை, குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயிலை ஊற்றி மீண்டும் அளப்பது. ஆயில் ரிங்குகளைச் சுற்றி நின்று இடைவெளியை அடைப்பதால், முள் நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஏறாவிட்டால் கசிவு மேலே, வால்விலோ ஹெட் பேக்கிங்கிலோ இருக்கிறது. எங்களுக்கு ஆயில் ஊற்றிய பிறகும் இரண்டும் மூன்றும் 80-ஐத் தாண்டவில்லை.

மகன் நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். “அப்பா, பக்கத்துப் பக்கத்துல இருக்க ரெண்டும் ஒண்ணு போல கொறையுது. அப்ப நடுவுல உள்ள பேக்கிங்தான எரிஞ்சிருக்கணும்?” என்று கேட்டான். “அப்படித்தான்யா தெரியுது. எழுதிக்கோ, தொறந்து பாப்போம்” என்றேன். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் சேர்ந்து குறைவது, அவற்றுக்கு இடையே பேக்கிங் போய்விட்டதற்கு மிகத் தெளிவான அறிகுறி. விடை தெரிந்திருந்தாலும், தந்தையர் இந்த இடத்தில் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஹெட்டை எடுத்தல்

பேட்டரியைக் கழற்றி, ரேடியேட்டரின் அடித்திருகையும் பிளாக்கின் வடிகுழாயையும் திறந்து நீரை முழுவதும் வடிக்க வேண்டும். ஏர் கிளீனர், கார்பரேட்டர், மேல் ஹோஸ், சைலன்சர் குழாயின் இணைப்பு, மேனிஃபோல்ட் என்ற வரிசையில் பிரித்து வர வேண்டும். பிளக் வயர்களுக்கு எண் எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் பிரிப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. எனினும் அதோடு நில்லாமல், எந்த நட்டு எங்கிருந்து வந்தது என்பதை நோட்டில் வரையச் சொன்னேன். வரைந்தவன் மறப்பதில்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கில் பொருத்தப்பட்டிருப்பதால் அதன் கிளாம்பைத் தளர்த்தத் தேவையில்லை. அதைத் தொடாமல் விட்டால் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், இருந்தபடியே இருக்கும்.

இந்த எஞ்சினில் பலரும் தவறும் இடம், ராக்கர்களைத் தாங்கும் தண்டான ராக்கர் ஷாஃப்ட். ஹெட்டைப் பிடிக்கும் பதினொரு பெரிய நட்டுகளில் நான்கு, ராக்கர் தாங்கிகளின் வழியாகவே இறங்குகின்றன. ராக்கர்தானே என்று அந்த நான்கை மட்டும் கழற்றினால், மற்ற ஏழின் இறுக்கம் ஒருபக்கமாக இழுத்து ஹெட்டை வளைத்துவிடும். ஆகவே பதினொன்றையும் ஓரத்திலிருந்து நடு நோக்கி, ஒவ்வொரு முறையும் கால் சுற்று என, சேர்த்தே தளர்த்தி வர வேண்டும். ராக்கர் ஷாஃப்டை எடுத்ததும், எட்டு புஷ் ராடுகளையும் மெல்லச் சுழற்றி, கீழே அவற்றைத் தாங்கும் டேப்பட் என்ற சிறு உருளை, ஆயிலின் பிடியால் கூடவே வந்துவிடாமல் உருவ வேண்டும். அட்டையில் எட்டுத் துளை போட்டு எண்ணிட்டு, அதே வரிசையில் செருகி வைக்க வேண்டும். நாற்பது ஆண்டு ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பாகங்களை இடம் மாற்றக் கூடாது.

நட்டுகள் கழன்ற பிறகும் ஹெட் எழும்பாது. ஸ்குரூ டிரைவரை இணைப்பில் நுழைத்து நெம்பினால் தளம் கீறிக்கொள்ளும். அந்தக் கீறல் வழியாகத்தான் பிறகு நீர் கசியும். பிளக்குகளை மீண்டும் மாட்டி, எஞ்சினை ஹேண்டிலால் ஒரு சுற்று சுற்றினால் உள்ளே அமுங்கும் காற்றே பிடியைத் தளர்த்திவிடும். பிளக்குகள் மாட்டிய நிலை என்பதால் இதை நான் செய்தேன். வார்ப்பிரும்பு ஹெட் நல்ல கனம். இருபுறமும் ஒருவராக நின்று, பிளாக்கிலிருந்து மேலே நிற்கும் மறையிட்ட கம்பிகளான ஸ்டட்டுகளுக்கு நேராக மேலே தூக்க வேண்டும்.

தூக்கியதும் மகன் முதலில் பார்த்தது பேக்கிங்கைத்தான். இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே, சுண்டுவிரல் அகலத்துக்குக் கரிய தடம் ஒன்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடியிருந்தது; செம்புத் தகடு அங்கே தாள்போல் உதிர்ந்தது. அவன் கணித்தது சரியாக இருந்தது. நட்டுகளைத் தளர்த்தும்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது: நடுவில் இரண்டு நட்டுகள் மற்றவற்றின் பாதிப் பலத்திலேயே கழன்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊர்ப் பட்டறையில் ஹெட் எடுத்து மூட்டியபோது, டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஸ்பானரில் குழாயை நுழைத்து முறுக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்காமல் நின்றதற்கான விலையை இப்போது கொடுத்தோம்.

இந்த நிலையில் திறந்திருக்கும் எல்லாத் துளைகளையும் துணியால் அடைக்க வேண்டும். எங்களிடம் ஒரு ஸ்பிரிங் வாஷர் புஷ் ராடு துளைக்குள் விழுந்து, காந்தக் குச்சியால் அதை எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து சிவப்புத் துணித் துண்டுகளை எண்ணி வைத்து, அடைத்தது எத்தனை, எடுத்தது எத்தனை என்று நோட்டில் எழுதினோம்.

வால்வுகளும் ஹெட்டும்

ஹெட்டின் அடித்தளத்தைத் துடைத்து, நேரான இரும்புப் பட்டையை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். 0.05 மி.மீ. தகடு நுழையாவிட்டால் நல்லது, 0.1 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் லேத் பட்டறையில் ஃபேசிங் செய்ய வேண்டும், அதாவது தளத்தைச் சமமாகச் சீவ வேண்டும். எங்களுடையது நடுவில் 0.15 காட்டியதால் தென்காசியில் கொடுத்து வாங்கினோம். மகனைக் கூட அழைத்துப்போவது நல்லது. எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அவனே கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.

புகையை வெளியே விடுவது எக்ஸாஸ்ட் வால்வு, பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடுவது இன்லெட் வால்வு. அவற்றின் வரிசை முன்னிருந்து பின்னாக எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட், எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட். நடுவில் இருக்கும் நான்காம் ஐந்தாம் வால்வுகள் இரண்டும் எக்ஸாஸ்ட் என்பதையும், அவை ஒரே வெளிவழியைப் பகிர்ந்துகொள்வதையும் கவனிக்க வேண்டும். ஹெட்டிலேயே அதிகச் சூடு சேரும் இடம் அதுதான். விரிசல் இருக்கிறதா என்று அங்கே நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கி, லாக்குகளை எடுத்து, வால்வுகளை எண் வரிசையில் வைத்து, கரியை நீக்கிய பிறகு, ஒவ்வொன்றையும் அதன் தண்டு ஏறி இறங்கும் குழலான கைடில் பாதி நுழைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் தெளிவாக ஆடினால் கைடு தேய்ந்திருக்கிறது.

இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் உருவானது. எக்ஸாஸ்ட் வால்வு மூடும்போது அமரும் விளிம்பான இருக்கையில் படியும் ஈயம், இரும்போடு இரும்பு உரசித் தேயாமல் காத்துவந்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு அது முழுவதும் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு அதிகம் ஓடிய வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வுகள் இருக்கைக்குள் புதைந்திருக்கக் காணலாம். அப்படிப் புதைந்திருந்தால் வீட்டில் தேய்த்துப் பயனில்லை. லேத்தில் கடினமான உருக்கு வளையம் இறக்க வேண்டும்.

புதையாமல் மேலோட்டமாகப் புள்ளி விழுந்திருந்தால் கிரைண்டிங் போதும். இருக்கையில் சொரசொரப்பான பேஸ்ட்டை விரல் நுனியளவு தடவி, குச்சியின் ரப்பர் கப்பை வால்வுத் தலையில் ஒட்டி, பருப்பு கடையும் மத்தை உருட்டுவதுபோல் இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் முன்னும் பின்னுமாக உருட்ட வேண்டும். பத்து உருட்டலுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி, கால் சுற்று திருப்பி, மீண்டும் தொடங்க வேண்டும். தூக்காமல் ஒரே இடத்தில் தேய்த்தால் வட்டக் கோடுகள் விழும். பேஸ்ட் கடிக்கும்போது கரகரவென்று கேட்கும் சத்தம், வேலை முடியும்போது மெல்ல வழவழப்பாகிவிடும். என் மகன் மூன்றாம் வால்வுக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எப்போது நிறுத்துவது என்று சொன்னான். அதன் பிறகு மென்மையான பேஸ்ட்டில் ஒரு சுற்று போதும். வால்விலும் இருக்கையிலும், எங்கும் அறுபடாத மங்கிய சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும்.

பேஸ்ட்டின் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் எஞ்சினைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் இருமுறை கழுவி, கைடுத் துளைக்குள்ளும் துணி விட்டுத் துடைக்க வேண்டும். புதிய ஆயில் சீல்களோடு வால்வுகளை மாட்டிய பிறகு, ஹெட்டைச் சாய்த்து வைத்து அதன் உள்வழி, வெளிவழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். சொட்டு வந்த வால்வை மீண்டும் கழற்றித் தேய்க்க வேண்டும். எங்களுக்கு ஐந்தாம் வால்வு இரண்டு முறை சொட்டியது. மூன்றாம் முறையில் நின்றது.

பிளாக்

சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து இழுத்தால், ரிங் ஏறாத இடத்தில் ஒரு விளிம்பு தட்டுப்படும். லேசாகத் தட்டுப்பட்டால் விட்டுவிடலாம். நகம் நின்றுவிடும் அளவுக்கு இருந்தால் சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து (ரீபோர் செய்து), அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது என்று படிப்படியாகப் பெரிய அளவில் வரும் பிஸ்டன்களில் ஒன்றைப் போட வேண்டிய நிலை. அது பட்டறை வேலை. பிஸ்டன் தலையின் கரியை மரச்சில்லாலோ பித்தளைத் தகட்டாலோ சுரண்ட வேண்டும். ஓரத்தில் மெல்லிய கரி வளையம் ஒன்றை விட்டுவைப்பது பழைய முறை. பழைய எஞ்சினில் ஆயில் மேலேறாமல் அது உதவுகிறது.

மூட்டுதல்

புதிய பேக்கிங்கில் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று குறி அச்சிட்டிருக்கும். அதன்படியே வைக்க வேண்டும். ஸ்டட்டுகளின் மறையைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து ஒரு சொட்டு ஆயில் விட வேண்டும், இல்லாவிட்டால் டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணின் ஒரு பகுதி துருவோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். ஹெட்டை இறக்கி, புஷ் ராடுகளை அவற்றின் இடத்தில் செருகி, டேப்பட் திருகுகளை எல்லாம் முன்கூட்டியே தளர்த்திவிட்டு, ராக்கர் ஷாஃப்டை வைக்க வேண்டும். பதினொரு நட்டுகளையும் நடுவில் தொடங்கி வெளிநோக்கிச் சுழன்று செல்லும் வரிசையில், முதல் சுற்றில் 2, அடுத்து 4, கடைசியில் 5.5 கிலோகிராம் மீட்டர், அதாவது 40 பவுண்டு அடி என்று மூன்று சுற்றாக முறுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றையும் மகன் முறுக்க, நான் எண்ணைப் படித்தேன்.

டேப்பட் வைப்பது இந்த வேலையிலேயே மகனுக்கு மிகவும் பிடித்த பகுதியாக அமைந்தது. வால்வு முழுவதும் மூடியிருக்கும்போதுதான் இடைவெளியை அளக்க வேண்டும். எந்த வால்வு எப்போது முழுவதும் மூடியிருக்கிறது என்பதை அறிய இந்த எஞ்சினுக்கு அழகான ஒரு கணக்கு உண்டு: முழுவதும் திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், சரிசெய்ய வேண்டிய வால்வின் எண் வரும். முதல் வால்வு முழுவதும் அமுங்கியிருந்தால் எட்டாவதை அளக்கலாம். மூன்றாவது அமுங்கியிருந்தால் ஆறாவது. ஐந்தாவது அமுங்கியிருந்தால் நான்காவது. வெடிப்பு வரிசை 1-3-4-2 என்பதிலிருந்து இது ஏன் சரியாக வருகிறது என்பதை ஒரு மாலை முழுவதும் அட்டவணை போட்டு மகனே கண்டுபிடித்தான்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. இருக்க வேண்டும். ஃபீலர் தகடு, கனத்த புத்தகத்துக்கு அடியிலிருந்து தாளை உருவுவதுபோல் லேசான பிடியோடு வர வேண்டும். லாக் நட்டை முறுக்கும்போது திருகும் சற்றுச் சுழன்றுவிடுவதால், முறுக்கிய பிறகு மறுபடி அளந்துதான் அடுத்ததற்குப் போக வேண்டும். ராக்கரின் முனையில் பள்ளம் விழுந்திருந்தால் தகடு பள்ளத்தின் மேலேயே நின்று பொய் அளவு காட்டும். அந்த ராக்கரை மாற்றுவது நல்லது.

மீதமுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.6 மி.மீ. அளவில்; டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சி.பி. பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.; பாயிண்ட் முகத்தை மென்மையான உப்புத்தாளால் துடைத்து, முடிந்தால் கன்டென்சரோடு சேர்த்துப் புதிதாகப் போட வேண்டும். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஜெட்டுகளைக் காற்றால் ஊத வேண்டும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. இன்று பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர் ஹோஸ்களும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் இளகிக் கெடும். அவற்றை எத்தனால் தாங்கும் வகையில் மாற்ற வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் சூடான மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் சொட்டும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், சாரல் காலத்தில் பாதி டேங்கோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தவும் கூடாது.

முதல் ஸ்டார்ட்

வண்டியை வெளியே தள்ளி நிறுத்தி, பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் வருவதைப் பார்த்த பிறகே பிளக் மாட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சீரான வேகத்தில் சூடேற விட்டு, ரேடியேட்டர் நீரும் ஹோஸ் இணைப்புகளும் கசிகின்றனவா என்று ஒருவரும், பிரஷரையும் சூட்டையும் மற்றவரும் கவனிக்க வேண்டும். எங்கள் வண்டி நான்காம் முயற்சியில் எடுத்தது. முதல் சில நிமிடம் வந்த நீலம் கலந்த வெண்புகை, சிலிண்டரில் ஊற்றியிருந்த ஆயில் எரிந்ததால் வந்தது.

சாலையில் எடுப்பதற்கு முன் தாள்களைச் சரிசெய்ய வேண்டும். 15 ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். எஞ்சினைக் கட்டிய பிள்ளைக்கு ஓட்டிப் பார்க்கும் ஆசை இருப்பது இயல்பு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். இதைப் பட்டென்று மறுக்காமல், பிரிவைப் படிக்கக் கொடுத்து விளக்கினேன்.

ஊருக்குள் இரண்டு நாள் ஓட்டிய பிறகு, புளியரை வழியாகக் கோட்டைவாசல் ஏற்றத்தில் சோதித்தோம். சமவெளியில் மறைந்துகொள்ளும் குறைகளை மலையேற்றம் வெளியே கொண்டுவரும்: பேக்கிங் கசிந்தால் சூடு ஏறும், டைமிங் முந்தியிருந்தால் தட்டும் ஓசை கேட்கும், பெட்ரோல் போதாவிட்டால் எஞ்சின் திணறும். இரண்டாம் கியரில் ஏறும்போது மகன் பக்கத்து இருக்கையில் நோட்டோடு உட்கார்ந்து, சூட்டு முள்ளை நிமிடத்துக்கொரு முறை எழுதினான். ஆரியங்காவு தாண்டி, கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தருகே நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடியைத் தொடாமல், ஹெட்டின் ஓரம் முழுவதும் டார்ச் அடித்துப் பார்த்தோம். எங்கும் ஈரம் இல்லை.

ஒரு படி மிச்சம் இருக்கிறது. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். இவ்வகைப் பேக்கிங் சூட்டில் அமுங்கும் என்பதால், 500 கி.மீ. ஓடிய பிறகு, எஞ்சின் முழுவதும் ஆறிய காலை நேரத்தில், நட்டுகளை அதே வரிசையில் ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி உடனே 5.5-க்கு மீண்டும் முறுக்க வேண்டும். ஹெட் கொஞ்சம் இறங்குவதால் டேப்பட் இடைவெளி குறைந்திருக்கும். எட்டையும் மீண்டும் வைக்க வேண்டும். ஜூன் இரண்டாம் வாரம், வெளியே சாரல் பெய்துகொண்டிருக்க, மகன் இதைத் தனியாகச் செய்தான். நான்கு வால்வுகளில் இடைவெளி 0.33 ஆகக் குறைந்திருந்ததைச் சரிசெய்துவிட்டு, கம்ப்ரெஷனையும் மீண்டும் அளந்து, முதலில் எடுத்த எண்களுக்கு நேராக 121, 119, 118, 120 என்று எழுதினான்.